கரண்டுக்கும் ஒரு நீர்பாய்ச்சி வேண்டும்

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைக்கு உரத்தைப் பற்றியும் பேசப் போவதில்லை, பூச்சி மருந்தைப் பற்றியும் பேசப் போவதில்லை. வீட்டுக் கூரை, மாட்டுக் கொட்டகை, மேல்நிலைத் தொட்டி, சுவரில் தொங்குகிற கரண்டு மீட்டர், இவைகளைப் பற்றித்தான் பேச்சு. "இதுக்கு எதுக்கு அக்ரி ஆபீசரு, லைன்மேன் வந்து சொல்ல வேண்டியதுதானே" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பயிருக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது, எங்கே கசிகிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. கரண்டும் அப்படித்தான். பாய்கிற இடத்தில் பாய்ந்தால் பலன், கரை உடைந்து போனால் நட்டம்.

பட்டணங்களில் பெரிய ஆபீஸ், ஆஸ்பத்திரி, ஓட்டல் கட்டிடங்களில் இப்போது ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். எனர்ஜி மேனேஜ்மென்ட் சிஸ்டம் என்பார்கள். தமிழில் மின்சக்தி மேலாண்மை என்று சொல்லலாம். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு மீட்டர். அறையில் ஆள் இருக்கிறாரா, சூடு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று பார்க்கிற சின்னச் சின்னக் கருவிகள். எல்லாவற்றையும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கணக்குப் போட்டு, ஆள் இல்லாத அறையில் ஏ.சி.யை நிறுத்துகிறது, வெயில் வந்தால் விளக்கை அணைக்கிறது, குளிர்சாதன எந்திரம் ஒன்று போதும் என்றால் இரண்டாவதை ஓட விடுவதில்லை. 1973-இல் எண்ணெய் விலை சில மாதத்தில் ஏறக்குறைய நான்கு மடங்கு ஏறியதே, அதற்குப் பிறகுதான் மேல்நாட்டுக்காரர்கள் இந்த ஏற்பாட்டில் மும்முரமாக இறங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரன் கையில் எண்ணெய்ச் செம்பு இருக்கிறது என்று தெரிந்ததும் தன் வீட்டு விளக்குத் திரியைக் குறைத்துக்கொண்ட கதைதான்.

இது நமக்குப் புதிது இல்லை. கண்மாய்ப் பாசனம் உள்ள ஊர்களில் நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். அவர் ஒரு சொட்டுத் தண்ணீரையும் உண்டாக்குவது கிடையாது. எந்த வயல் காய்கிறது, எந்த வயலில் போதும், எந்த மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது, எங்கே நண்டு வளை விழுந்து தண்ணீர் ஒழுகுகிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அதற்குத்தான் ஊரே களத்தில் நெல் அளந்து கொடுத்தது. அந்தக் கம்ப்யூட்டர் கட்டிடத்துக்கு நீர்பாய்ச்சி. அளப்பது, கசிவைக் கண்டுபிடிப்பது, வேண்டாத நேரத்தில் மடையை அடைப்பது, இந்த மூன்றும்தான் அதன் தொழில். நம் வீட்டுக்கு அந்தக் கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் போதும்.

முதலில் யூனிட் என்றால் என்ன என்று தெளிவாக்கிக்கொள்வோம். 1000 வாட் சாமான் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 100 வாட் குண்டு பல்பு பத்து மணி நேரம் எரிந்தாலும் அதே ஒரு யூனிட். ஒரு குதிரைசக்தி என்பது 746 வாட். ஆனால் ஒரு குதிரைசக்தி மோட்டார் அதன் சொந்த இழப்பையும் சேர்த்து ஏறத்தாழ 1000 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்குக்குச் சுலபம்.

இனி ஒரு வீட்டுக் கதையைச் சொல்கிறேன். வேடசந்தூர் பக்கம் ஒரு விவசாயி. பேர் வேண்டாம். நாலு கறவை மாடு, மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசனம், கான்கிரீட் தளம் போட்ட வீடு. 2023 சித்திரை, வைகாசி இரண்டு மாதத்துக்கு வீட்டு மீட்டரில் 560 யூனிட் வந்துவிட்டது. "சார், போன தடவை ஆயிரத்துச் சொச்சம், இந்தத் தடவை ரெண்டாயிரத்து நானூறு. மீட்டர்ல கோளாறு இருக்கு, ஒரு மனு எழுதிக் குடுங்க" என்று என்னிடம் வந்தார். "அண்ணே, மனு எழுதுவோம். அதுக்கு முன்னாடி ஒரு வாரம் மீட்டரைப் படிப்போம்" என்றேன்.

மீட்டரில் கோளாறா, வீட்டில் கோளாறா என்று பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. வீட்டில் உள்ள எல்லா ஸ்விட்சையும் அணைத்து, பிரிட்ஜ், டி.வி. பெட்டி பிளக்கையும் பிடுங்கிவிட்டு மீட்டர் முன்னால் நில்லுங்கள். எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுங்கும். எத்தனை மினுக்குக்கு ஒரு யூனிட் என்று மீட்டர் முகத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். எல்லாம் அணைத்த பிறகும் அது மினுங்கிக்கொண்டே இருந்தால் எங்கேயோ ஒயர் கசிகிறது, அல்லது உங்களுக்குத் தெரியாத ஒரு சாமான் ஓடுகிறது. அப்போது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும், நாமே நோண்டக் கூடாது. இவர் வீட்டில் மினுக்கு நின்றுவிட்டது. ஆகவே மீட்டர் பேரில் பழி போட வழியில்லை.

பிறகு அவர் வீட்டுக்கார அக்கா ஒரு நோட்டுப் போட்டார். காலை ஆறு மணிக்கு ஒரு எண், பகல் பன்னிரண்டுக்கு ஒரு எண், மாலை ஆறுக்கு ஒன்று, இரவு பத்துக்கு ஒன்று. ஆறாம் வகுப்புப் படிக்கிற பையன் கழித்துப் போட்டுக் கொடுத்தான். நாலாம் நாளே விஷயம் தெரிந்துவிட்டது. எல்லாரும் தூங்குகிற நேரம், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரைக்கும்தான் அதிக யூனிட் ஓடியிருந்தது!

மாட்டுக் கொட்டகையில் ஒரு 100 வாட் குண்டு பல்பு, பாம்பு வரும் என்று பயந்து ராத்திரி பூராவும் எரிந்தது. பத்து மணி நேரம் என்றால் நாளுக்கு ஒரு யூனிட், இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். குண்டு பல்பில் வெளிச்சமாக வருவது பத்தில் ஒரு பங்கு கூடக் கிடையாது, மிச்சமெல்லாம் சூடு. கோழிக் குஞ்சுக்குக் கதகதப்பு கொடுக்க அது சரி, மாட்டுக்கு எதற்கு? 9 வாட் எல்.இ.டி. போட்டால் அதே இரண்டு மாதத்துக்கு 5 யூனிட் சொச்சம். மிச்சம் 55.

அடுத்தது மேல்நிலைத் தொட்டி. "டேங்க் நெறஞ்சு சன்னல் மேல ஊத்துற சத்தம் கேட்டாத்தான் சார் மோட்டாரை நிறுத்துவோம்" என்று அந்த அக்கா சொன்னார். அடுப்படியில் தாளிக்கிற சத்தத்தில் அது எப்போது கேட்கும்? நாளுக்கு இருபது நிமிஷம் தண்ணீர் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு குதிரைசக்தி மோட்டார், இருபது நிமிஷம், அறுபது நாள், 20 யூனிட். தண்ணீர் போனது வேறு. இதற்குத் தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானே நிறுத்தும் ஆட்டோமேட்டிக் கருவி இருக்கிறது. தொட்டிக்குள் ஒரு மிதவை, கீழே ஒரு ஸ்விட்ச், அவ்வளவுதான். பட்டணத்துக் கட்டிடத்தில் கம்ப்யூட்டர் செய்கிற வேலையில் நம் வீட்டுக்குத் தேவையான பங்கு இதுவே.

வயதான தாயாருக்கு வெந்நீர் வைக்க 1500 வாட் ஹீட்டர் ராடு. அரை மணி நேரம் போட்டால் முக்கால் யூனிட், இரண்டு மாதத்துக்கு 45. நம் திண்டுக்கல் வெயிலில் மொட்டை மாடியில் கறுப்புப் பெயிண்ட் அடித்த பிளாஸ்டிக் பீப்பாயை வைத்தாலே சாயங்காலம் தொட்டால் சுடுகிற தண்ணீர் கிடைக்கும். அம்மாவைக் காலைக் குளியலிலிருந்து சாயங்காலக் குளியலுக்கு மாற்றச் சம்மதிக்க வைத்ததுதான் இந்த வேலையில் கஷ்டமான பகுதி. பேத்தி பேசித்தான் அது முடிந்தது. ராடு இன்னொரு வகையிலும் ஆபத்து. பக்கெட்டில் போட்டுவிட்டு அணைக்காமல் கையை விட்டு உயிர் போன குடும்பங்களை நாம் எல்லாரும் அறிவோம்.

பிறகு பேன். பழைய சீலிங் பேன் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. பேன் என்று இப்போது கடைகளில் விற்கிறார்கள், அது 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகிறது. உள்ளே காந்தம் சுழல்வதால் சூட்டில் வீணாகும் கரண்டு குறைவு. பத்து மணி நேரம் ஓடுகிற பேன் என்றால் இரண்டு மாதத்துக்கு பழையது 45 யூனிட், புதியது 18. மிச்சம் 27. அவர் வீட்டில் நாலு பேன். நான் நாலையும் மாற்றச் சொல்லவில்லை. ராத்திரி முழுக்க ஓடுகிற இரண்டை மட்டும் மாற்றினார்கள். எப்போதாவது விருந்தாளி வந்தால் சுற்றுகிற பேனுக்குப் பணத்தைக் கொட்டி என்ன பிரயோசனம்? வாங்கும்போது நட்சத்திரச் சீட்டைப் பாருங்கள். 2002-இல் தொடங்கிய மத்திய அரசின் எரிசக்தித் திறன் வாரியம் ஒட்டச் சொல்கிற சீட்டு அது. நட்சத்திரம் கூடினால் கரண்டு குறையும்.

அடுத்த கணக்கெடுப்பில் 390 யூனிட்டுக்குப் பக்கத்தில் நின்றது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வீட்டு மின்கட்டணம் நேர்கோட்டில் ஏறுவதில்லை, படிக்கட்டு மாதிரி ஏறுகிறது. 2022 செப்டம்பரில் அமுலுக்கு வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஆனால் 1725 ரூபாய். 501 யூனிட் ஆனால் 1958 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 500-ஐத் தாண்டியவருக்கு 101-லிருந்து 200 வரை உள்ள சலுகை விலை போய்விடும் என்பதால் அப்படி. இவர் 560-க்கு 2430 கட்டினார், 390-க்கு 1080 வந்தது. 1350 ரூபாய் வித்தியாசம். இரண்டு பேனுக்குக் கொடுத்த பணம் ஒரு வருஷத்துக்குள் திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பிறகு கட்டண விகிதங்கள் மாறியிருக்கின்றன. உங்கள் பில்லில் இப்போதைய விகிதம் என்ன, படி எந்த இடத்தில் ஏறுகிறது என்று ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். கணக்கெடுக்க வருகிற தேதிக்குப் பத்து நாள் முன்னால் மீட்டரைப் படித்தால் படிக்குக் கீழே நிற்கிறோமா, மேலே போகிறோமா என்று தெரிந்துவிடும்.

சின்ன விஷயம் ஒன்று. டி.வி.யை ரிமோட்டில் அணைத்தால் செட்டாப் பாக்ஸ் தூங்குவதில்லை. பத்து வாட் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். சுவர் ஸ்விட்சை அணையுங்கள். பிரிட்ஜை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கதவு ரப்பருக்கு இடையில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம்.

இனி கூரைக்கு வருவோம். என்னைக் கேட்டால் பேனையும் பல்பையும் விடப் பெரிய விஷயம் இதுதான்.

முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் நம் கிராமங்களில் பாதிக்கு மேல் கூரை வீடும் ஓட்டு வீடும். இன்று எங்கு பார்த்தாலும் கான்கிரீட் தளம். அரசாங்கமும் குடிசையை மாற்றித் தளம் போட்ட வீடு கட்டிக் கொடுத்தது. 2010-இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011-இல் பசுமை வீடுகள் திட்டம். பசுமை வீடு 300 சதுர அடி, கூடவே சூரிய வெளிச்சத்தில் எரிகிற ஐந்து விளக்கு. மழைக்கு ஒழுகாது, தீப்பிடிக்காது, பாம்பு தேள் தொல்லை குறைவு. ரொம்ப நல்ல காரியம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கோடையில் அதற்குள் படுக்க முடிகிறதா என்று அந்த வீட்டுத் தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள்.

காரணம் என்ன? தென்னங்கீற்றுக்குள்ளும் நாட்டு ஓட்டின் இடுக்கிலும் காற்று அடைபட்டு நிற்கிறது. காற்று சூட்டைச் சுலபமாகக் கடத்தாது. ஓட்டு இடுக்கு வழியாக மேலே ஏறிய சூடு வெளியே போய்விடும். கான்கிரீட் அப்படியில்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்துத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், வெளியே குளிரத் தொடங்குகிற நேரத்தில், அந்தச் சூட்டை உள்பக்கம் விட ஆரம்பிக்கிறது. ராத்திரி பத்து மணிக்குத் தளத்தின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், தோசைக்கல் ஆறுகிற மாதிரி இருக்கும். அந்தச் சூட்டைத்தான் பேன் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்த விவசாயி வீட்டில் ராத்திரி யூனிட் கூடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு மலிவான மருந்து வெள்ளைச் சுண்ணாம்பு. சாம்பல் நிறத் தளம் தன் மேல் விழுகிற வெயிலில் பெரும் பங்கை விழுங்கிவிடும். வெள்ளை அடித்த தளம் பெரும் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். அறைக்குள் இரண்டு மூன்று டிகிரி குறைந்தால் கூடத் தூக்கத்தில் அது தெரியும். குஜராத்தில் அகமதாபாத் நகரசபை 2013-இல் வெப்ப அலைக்கு என்று ஒரு செயல்திட்டம் போட்டது. பிறகு ஏழை மக்கள் வீட்டுக் கூரைக்கு வெள்ளை அடிப்பதையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். தெலங்கானா அரசு 2023-இல் குளிர்ந்த கூரைக்கு என்றே ஒரு கொள்கை வெளியிட்டது. நாம் பொங்கலுக்குச் சுவருக்கு மட்டும் வெள்ளையடித்து, கூரையை மறந்துவிட்டோம்.

செய்முறை எளிது. கிளிஞ்சல் சுண்ணாம்பு அல்லது கல் சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசை சேர்த்து, தளத்தை நன்றாகக் கூட்டிக் கழுவிக் காய விட்டு, இரண்டு பூச்சு அடியுங்கள். மாசிக் கடைசியில் அல்லது பங்குனியில் அடித்தால் கோடை முழுக்க நிற்கும். ஐப்பசி மழையில் போய்விடும், போகட்டும். குளிர்காலத்துக்கு அது தேவையில்லை, அடுத்த வருஷம் மறுபடி அடித்துக்கொள்ளலாம். தூசி படிந்தால் பலன் குறையும், மாதம் ஒரு தடவை கூட்டிவிடுங்கள். சுண்ணாம்பு நீற்றும்போது கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த பழைய காலத்துச் சுருக்கித் தளத்தை விட்டுவிடாதீர்கள். மேஸ்திரி "வேண்டாம்ணே, செலவு" என்பார். நீங்கள் விடாதீர்கள்.

மேற்குச் சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிற்பகல் வெயில் சாய்வாக அந்தச் சுவரில்தான் விழும். அந்தப் பக்கம் ஒரு வேம்பு, ஒரு முருங்கை, அதற்கும் இடமில்லை என்றால் ஒரு அவரைப் பந்தல்.

பெரிய கட்டிடக்காரர்களும் கடைசியில் இங்கேதான் வந்து சேர்ந்தார்கள். ஐதராபாத்தில் இந்தியத் தொழிற் கூட்டமைப்பு கட்டிய பசுமைக் கட்டிடத்தை 2004-இல் நம் ஊர்க்காரரான குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்து வைத்தார். அமெரிக்காவில் கொடுக்கிற பிளாட்டினம் என்ற உயர்ந்த தகுதியை இந்தியாவில் முதலில் வாங்கிய கட்டிடம் அதுதான். அதற்குள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால், நடுவில் முற்றம், கூரை மேல் செடி, வெளிக்காற்றைக் குளிரவைத்து உள்ளே இறக்குகிற இரண்டு காற்றுக் கோபுரம், பகல் வெளிச்சம் வருகிற சன்னல். நம் பாட்டன் வீட்டு முற்றத்தைத்தான் கணக்குப் போட்டுத் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். கருவியெல்லாம் அதற்குப் பிறகு. கட்டிடமே சூட்டைத் தடுத்தால் எந்திரத்துக்கு வேலை குறைவு.

மாட்டுக் கொட்டகைக்கும் இதே நியாயம். தகரக் கொட்டகையில் பகல் இரண்டு மணிக்கு நிற்கிற மாடு மூச்சிரைக்கும், தீவனம் தள்ளும், பால் குறையும். கலப்பின மாட்டுக்கு நாட்டு மாட்டைவிடச் சூடு தாங்காது. தொழில் நுட்பம் படித்த சிலர் கொட்டகைக்குப் பெரிய பேன், நீர்த் தூவி எல்லாம் போடச் சொல்வார்கள். பத்து இருபது மாடு உள்ளவருக்கு அது சரியாக இருக்கலாம். நாலு மாட்டுக்காரர் முதலில் தகரத்தின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பட்டும், அல்லது சுரை, பீர்க்கு, பூசணியை ஏற்றி விடட்டும். காய்க்குக் காயும் ஆச்சு, நிழலுக்கு நிழலும் ஆச்சு. கூரை உயரமாகவும் நீளவாக்கு கிழக்கு மேற்காகவும் இருக்கட்டும், பக்கச் சுவர் வேண்டாம். கோழிக் கொட்டகைக்கும் கிழக்கு மேற்குதான் முறை. கீற்றுக்குப் பக்கத்தில் அறுந்த ஒயரும் சூடான குண்டு பல்பும் இருக்கக் கூடாது. ஒரு பொறி போதும். இரும்புத் தூண் உள்ள கொட்டகைக்குக் கரண்டு கொடுத்தால் கசிவு வந்ததும் துண்டிக்கிற ஆர்.சி.டி. கருவியைக் கட்டாயம் போடுங்கள். ஈரத் தரையில் நிற்கிற மாட்டுக்கு மனிதனைவிடச் சீக்கிரம் ஷாக் அடிக்கும்.

ஒட்டன்சத்திரம், பழனி பக்கத்துச் சின்ன வெங்காயக்காரர்களுக்கு நான் பாடம் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் போடுகிற வெங்காயப் பட்டறை இருக்கிறதே, தரையிலிருந்து உயர்த்தி, பக்கத்தில் குச்சி அடைத்து, மேலே கீற்று வேய்ந்து, அடியிலும் பக்கத்திலும் காற்று ஓடவிட்டு, அதில் ஒரு யூனிட் கரண்டு செலவில்லாமல் மாதக் கணக்கில் காய் நிற்கிறது. மின்சக்தி மேலாண்மைக்கு நம் மாவட்டத்திலிருந்து எதையாவது பொருட்காட்சியில் வைக்கச் சொன்னால் நான் அதைத்தான் வைப்பேன்.

இங்கே மில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். திண்டுக்கல், வேடசந்தூர் பக்கம் நூல் மில்கள் நிறைய. உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே வேலைக்குப் போகிறார்கள். யு.கே.ஜி. என்றால் என்ன என்று அவர்களைக் கேளுங்கள். ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்பது அதன் பொருள். கோயம்புத்தூரில் 1956-இல் தொடங்கிய சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையம் மில்களுக்கு மின்சிக்கனத் தணிக்கை செய்து கொடுக்கிறது. மொத்த பில்லைப் பார்த்துப் புலம்பினால் ஒன்றும் தெரியாது, ஒரு கிலோவுக்கு என்று வகுத்தால்தான் இந்த மாதம் கெட்டதா, நல்லதா என்று தெரியும். நாமும் ஒரு லிட்டர் பாலுக்கு எத்தனை யூனிட், ஒரு மூட்டை தீவனம் வெட்ட எத்தனை யூனிட் என்று வகுத்துப் பார்க்கலாம். பில் கூடினாலும் பால் அதைவிடக் கூடியிருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

கிணற்று மோட்டாரைப் பற்றிக் கேட்பீர்கள். "அது இலவசக் கரண்டு சார், அதுல என்ன சிக்கனம்?" 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் தமிழ்நாட்டில் இலவச மின்சாரம் வந்தது. அது வந்திராவிட்டால் நம் பக்கத்து மேட்டுக்காட்டில் பாதிப் பேர் விவசாயத்தை விட்டிருப்பார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கரண்டுக்குத்தான் விலையில்லை. மும்முனைக் கரண்டு இருக்கிற நேரத்துக்கு விலை உண்டு, மோட்டார் காயில் கட்டுகிற செலவுக்கு விலை உண்டு, கீழே இருக்கிற தண்ணீருக்கு விலையே சொல்ல முடியாது. ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடி தாண்டியும் போகிற ஊர்கள் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. 1000 லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் தூக்க, எதுவுமே வீணாகாவிட்டாலும் கால் யூனிட்டுக்குச் சற்று மேல் வேண்டும். நடைமுறையில் அது இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு ஆகும்.

கிணற்று மேட்டில் மூன்று இடத்தைப் பாருங்கள். தண்ணீர் விழுகிற குழாயைத் தொட்டி விளிம்புக்கு மேலே நாலு அடி தூக்கி, அருவி மாதிரி விழ விடுவதில் சிலருக்கு ஒரு சந்தோஷம். 40 அடிக் கிணற்றில் நாலு அடி என்றால் மோட்டார் செய்கிற வேலையில் பத்தில் ஒன்று அந்த அழகுக்கே போகிறது. குழாயைத் தாழ்த்துங்கள். இரண்டாவது, குழாயின் அளவு. விட்டம் பாதியானால் அதே அளவு தண்ணீரைத் தள்ள உராய்வு முப்பது மடங்குக்கு மேல் கூடும். மலிவு என்று சின்னக் குழாய் வாங்கினால் கடையில் மிச்சமானது காட்டில் போய்விடும். மூன்றாவது புட்வால்வு, அதில் சேறும் பாசியும் அடைத்திருந்தால் மோட்டார் உறிஞ்ச முடியாமல் திணறும். கெப்பாசிட்டர் பெட்டியையும் பாருங்கள். பழுதானால் மோட்டார் லைனிலிருந்து அதிக ஆம்பியர் இழுக்கும், கடைசிக் கம்பத்துக்காரருக்கு வோல்டேஜ் விழும், காயில் எரியும். அதை மாற்றுவது எலக்ட்ரீஷியன் வேலை. அணைத்த பிறகும் அதில் கரண்டு தங்கியிருக்கும், கையை வைக்காதீர்கள். இன்னொன்று, காட்டு மோட்டார் இணைப்பிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுக்காதீர்கள். இணைப்பே போய்விடும்.

ஊர்க் கட்டிடங்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை என்று ஒரு பஞ்சாயத்து. குடிதண்ணீர்ப் பம்பும் தெருவிளக்கும் பெருகப் பெருகக் கரண்டு பில் ஊராட்சிப் பணத்தை விழுங்கியது. அவர்கள் முதலில் எங்கே எவ்வளவு போகிறது என்று கணக்குப் பார்த்தார்கள். சில குடியிருப்புகளில் சூரிய விளக்குப் போட்டார்கள். மரக் கழிவை எரித்து வாயுவாக்கிப் பம்பு ஓட்டினார்கள். 2006-இல் சேமிப்பும் வங்கிக் கடனுமாக ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கினார்கள். தங்கள் தேவைக்குப் போக மிச்சத்தை மின்வாரியத்துக்குக் கொடுத்தார்கள். ஒரு கிராமப் பஞ்சாயத்து காற்றாலைக்குச் சொந்தக்காரர் ஆன சேதியைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்தார்கள். நம் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கு நான் சொல்வது, காற்றாலையைப் பிறகு பார்க்கலாம். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி, ஒவ்வொன்றின் மின் அட்டையையும் ஒரு மேசை மேல் பரப்பி வைத்து ஒரு வருஷக் கணக்கைப் பாருங்கள். பகலிலும் எரிகிற தெருவிளக்கு அந்தக் காகிதத்தில் தெரிந்துவிடும். அங்கன்வாடிக் கூரைக்கு இந்தப் பங்குனியிலேயே வெள்ளை அடியுங்கள். நண்பகலில் அங்கே படுத்துத் தூங்குவது மூன்று வயசுப் பிள்ளைகள்.

சூரியத் தகடு போடலாமா என்று பல பேர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். போடலாம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டத்தில் வீட்டுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று மானியம் அறிவித்தார்கள். ஒரு கிலோவாட் தகடு நம் வெயிலில் நாளுக்கு நாலு யூனிட் அளவில் கொடுக்கும், சுமார் நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். தென்னை மர நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் மொத்தமும் குறையும். ஆனால் 560 யூனிட் செலவழிக்கிற வீட்டுக்குத் தகடு போடுவதைவிட, அதை 390 ஆக்கிவிட்டுப் போட்டால் சின்னத் தகடு போதும், கடனும் சின்னது. ஓட்டைப் பானைக்குப் பெரிய குடத்தில் தண்ணீர் ஊற்றுவானேன்?

இந்த வாரம் ஒரு நோட்டுப் போட்டு, ஏழு நாள் காலையும் மாலையும் மீட்டர் எண்ணைக் குறித்துப் பாருங்கள். ராத்திரிக் கணக்கு பகல் கணக்கைவிடக் கூடுதலாக இருந்தால், எந்தச் சாமான் எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்று எழுதி ஒரு தபால் அட்டையில் நிலையத்துக்கு அனுப்புங்கள். கூரை எந்த வகை என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். அடுத்த முறை வரும்போது அந்தக் கடிதங்களை வைத்துப் பேசுகிறேன்.